ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா

டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு நாலு மணி நேரம் போக்கிடம் கிடையாது. கையில் ஊசி, ஊசியிலிருந்து குழாய், குழாயிலிருந்து இயந்திரம். ரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வரும்வரை அந்தக் கையை அசைக்கக் கூடாது. கைக்குத்தான் தடை, வாய்க்கு யாரும் தடை போடவில்லை. ஆகவே அந்தச் சின்ன மருத்துவமனையின் டயாலிசிஸ் கூடத்தில் ஊர் வம்பு, உலக வம்பு, பக்கத்து வீட்டு வம்பு எல்லாம் இயந்திர இரைச்சலோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறவர்கள் என்பதால் வம்பு பாதியில் அறுந்துபோகவும் வழியில்லை.

அப்பேர்ப்பட்ட கூடத்துக்கு இப்போது ஒரு புதுப் பொறுப்பு வந்திருந்தது. தங்கள் டெக்னீஷியனை நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்யும் பொறுப்பு.

அந்த டெக்னீஷியனுக்கு அவர்கள் வைத்த பெயர் அலாரம். இயந்திரம் கத்துவதற்கு முன்பே எழுந்து போய் அதன் பக்கத்தில் நிற்பாள், அதனால் வந்த பெயர். அவளுடைய கணவனுக்கும் அதே கூடத்தில் அதே வேலைதான். அவன் பெயர் சமாதானம். யார் யாரோடு சண்டை போட்டாலும் நடுவில் புகுந்து, "விடுங்க சார், நீங்க சொல்றதும் சரிதான்" என்பான். அந்தப் பக்கம் திரும்பி அவரிடமும் அதையே சொல்வான். கடைசியில் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுப்பான். அவனைப் பிடிக்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. கட்டிக்கொண்டவளுக்கும் பிடிக்கும்தான். என்ன, சில நாட்களில் அந்த நல்ல குணத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாயேன் என்று சொல்லத் தோன்றும்.

மாதக் கடைசியோடு கூடத்தை மூடப் போகிறார்கள். நோயாளிகளைப் பெரிய மருத்துவமனையின் புதுப் பிரிவு ஏற்றுக்கொள்ளும். டெக்னீஷியன்களை ஏற்றுக்கொள்ளாது. அங்கே காலியாக இருந்தது ஒரே ஓர் இடம், ஷிஃப்ட் பொறுப்பாளர் இடம். கணவன், மனைவி இருவரும் மனுப் போட்டார்கள். இருவருக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது.

"யாருக்குக் கிடைச்சா என்ன? நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்றான் சமாதானம்.

அலாரத்துக்கு அது ஒப்பவில்லை. சம்பளம் வீட்டுக்கு வரும், வாஸ்தவம். வேலை அப்படி வராது, அது செய்கிறவருக்குத்தான் வரும். மகள் பிறந்தபோது ஒரு வருஷம்தானே என்று வேலையை விட்டவள் அவள். அந்த ஒரு வருஷம் ஜவ்வாய் இழுத்து, மகள் பள்ளிக்கூடம் போகும்வரை நீண்டது. திரும்பி வந்த முதல் நாள், ஊசியைக் கையில் எடுத்தபோது விரல்கள் நடுங்கின. அதற்காக அவள் பட்ட அவமானத்தை அவள் மறக்கவில்லை. இந்தத் தடவை அவனுக்குக் கிடைத்து அவள் வீட்டில் உட்கார்ந்தால், பிறகு எழுந்திருப்பது நடக்காது. அவளுக்கு அந்த வேலை வேண்டும். அவனுக்குக் கிடைக்காமல் போனாலும் போகட்டும் என்கிற அளவுக்கு வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும்தான் கூச்சம்.

தயாரிப்பு தொடங்கியது. எல்லா இயந்திரங்களும் ஒழுங்காக ஓடுகிற நேரம் பார்த்து, அவள் ஒரு முக்காலியை நடுவில் போட்டுக்கொண்டு உட்காருவாள். தேர்வுக் குழுத் தலைவர், ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்த மேலாளர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஆள் எடுத்து எடுத்தே தலை நரைத்தவர். அவருக்கு எதிரே தையல்கார அக்கா. ஊசி நூலோடு பிறந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்வாள். இப்போது ஊசியோடு மட்டும் காலம் போகிறது என்று அதற்குத் தானே சிரிப்பாள்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தார் மேலாளர், அதற்கென்று ஒரு கனத்த குரலை வரவழைத்துக்கொண்டு.

அலாரம் தான் பிறந்ததிலிருந்து தொடங்கினாள். படித்த பள்ளிக்கூடத்துக்கு வருவதற்குள் மேலாளர் கண்ணை மூடிவிட்டார்.

"என்னம்மா, ஜாதகமா கேட்டேன்? வேலையில இருந்து ஆரம்பி. என்ன செய்வே, எத்தனை காலமா செய்யறே, இங்க எதுக்கு வந்தே. மூணே பேச்சு. மிச்சம் வேணும்னா அவன் கேப்பான்."

அடுத்த கேள்வி, உங்கள் பலவீனம் என்ன.

"கோவம் வரும் சார்."

"தொலைஞ்சுது போ!"

"நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதான் என் பலவீனம்னு சொல்லேன்" என்று எடுத்துக் கொடுத்தாள் தையல்கார அக்கா. "என் அக்கா பையன் அப்படித்தான் சொன்னானாம்."

"வேலை கிடைச்சுதா?"

"அது எங்க கிடைச்சுது?"

கூடம் முழுக்கச் சிரித்தது. சிரித்த வேகத்தில் மேலாளரின் கை ஆட, இயந்திரம் கீச்சென்று கத்தியது. அலாரம் அதற்குள் அங்கே போய் அவர் கையைப் பிடித்து நேராக வைத்திருந்தாள். "கேள்வியை வாயால கேளுங்க சார், கையால கேக்காதீங்க" என்றாள். கடைசியில் அவளே யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒரு வேலையை அடுத்தவரை நம்பி விட எனக்கு வராது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டு வருகிறேன். உண்மையும் அதுதான் என்பதால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

"நடுவுல நாலு வருஷம் வேலையில இல்லையே, என்ன செஞ்சீங்க?"

"வீட்டுல சும்மா இருந்தேன் சார்."

"சும்மாவா?" தையல்கார அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டிருப்பாள், குழாய் மட்டும் இல்லையென்றால். "பிள்ளையைப் பெத்து நடக்க வெச்சு, பேச வெச்சு, பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டிருக்கே. சும்மா இருந்தாளாம்! இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னே, நான் ஊசியைப் பிடுங்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

அன்றிலிருந்து 'சும்மா' அந்தக் கூடத்தில் கெட்ட வார்த்தை ஆயிற்று.

இதெல்லாம் நல்ல கேள்விகள். அடுத்த நாள் கெட்ட கேள்விகளுக்கு வந்தார்கள். இங்கேதான் மேலாளர் தன் முழுத் திறமையையும் காட்டினார்.

"அடுத்த குழந்தை எப்போ? ராத்திரி ஷிஃப்ட் போட்டா வீட்டுக்காரர் விடுவாரா? என்ன வயசாகுது? பாத்தா தெரியலையே. மாமியார் கூட இருக்காங்களா? இல்லையா? அப்ப பிள்ளைக்குக் காய்ச்சல்னா லீவு போடுவீங்க. பொம்பளை அதட்டினா ஆம்பளைங்க கேப்பாங்களா? பாக்க லட்சணமா இருக்கீங்க, முன்வாசல் வரவேற்புல உட்காரலாமே, எதுக்கு இந்த ரத்தம் சதையெல்லாம்?"

மூச்சு விடாமல் கேட்டு முடித்தார். அலாரத்தின் காது மடல் சிவந்துவிட்டது.

"இதையெல்லாம் நிஜமாவே கேப்பாங்களா சார்?"

"கேப்பாங்களாவா? நானே கேட்டிருக்கேனே." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "எல்லாத்துக்கும் பின்னாடி ஒரே பயம்தாம்மா. அடுத்த குழந்தை எப்போன்னு கேட்டா, எத்தனை நாள் லீவு போடுவேன்னு அர்த்தம். வீட்டுக்காரர் விடுவாரான்னு கேட்டா, பாதியில நின்னுடுவியான்னு அர்த்தம்."

"அப்ப அதையே நேரா கேக்க வேண்டியதுதானே? ஏன் என் வீட்டுக்குள்ள புகுந்து சுத்திப் பாத்துட்டு வரணும்?"

 தையல்கார அக்கா குறுக்கே புகுந்தாள்.

"எங்கிட்டயும் ஒருத்தர் கேட்டாரு. நீ மாசமா இருக்கியான்னு. ஆமான்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. சரி, வீட்டுக்குப் போய் உடம்பைப் பாத்துக்கோன்னு அனுப்பிட்டாரு. ரொம்ப அன்பாத்தான் சொன்னாரு."

எந்தத் தொழிற்சாலை என்று அவள் சொல்லவில்லை. மேலாளரும் கேட்கவில்லை. பிறகு மேலாளர் வேறு குரலில், அந்தக் கனத்த குரல் இல்லாமல், "பதில் தயார் பண்ணலாம்மா" என்றார்.

தயார் செய்தார்கள். வீட்டுக்குள் நுழைகிற கேள்வியைக் கையைப் பிடித்து வேலைப் பக்கம் திருப்பி விடுவது என்று ஒரு வழி. "லீவைப் பத்திக் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன் சார். இப்ப இருக்கற இடத்துல சேர்ந்ததுல இருந்து என் வருகைப் பதிவைப் பாருங்க." சில கேள்விகளைத் திருப்பவே முடியாது. அவற்றுக்கு முகம் சுளிக்காமல், "அது என் சொந்த விஷயம் சார், வேலையைப் பத்தி எது வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. இதில் வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். சொல்லி முடித்ததும் பதற்றத்தில் மேலும் ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வாள். அதற்காகவே மேலாளர் கேள்வி கேட்டுவிட்டு அவளை முறைத்தபடி உட்கார்ந்திருப்பார். அவள் திருப்பி முறைத்தபடி உட்கார்ந்திருப்பாள். யார் முதலில் பேசுவது என்று இருவருக்கும் போட்டி நடக்கும். நாலைந்து தடவை தோற்ற பிறகு அலாரம் ஜெயிக்க ஆரம்பித்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நடையே மாறிவிட்டது என்று தையல்கார அக்கா சொன்னாள்.

"தம்பி, நீங்களும் வந்து உக்காருங்களேன்" என்று அக்கா சமாதானத்தைக் கூப்பிட்டாள். அவன் தண்ணீர்ச் சுத்திகரிப்பு அறையிலிருந்து ஈரக்கையோடு வந்து கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கெதுக்குக்கா? எங்கிட்ட இதெல்லாம் யார் கேக்கப் போறா?"

அது நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும். அலாரத்துக்கும்தான்.

பெரிய மருத்துவமனையின் நிர்வாக மாடியில் தரை அவ்வளவு பளபளப்பு. காத்திருப்போர் பெஞ்சில் கணவன் மனைவியோடு இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவனை முதலில் கூப்பிட்டார்கள். போகும்போது அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டாள். போட்டியாளருக்குக் காலர் சரிசெய்து அனுப்புகிற முட்டாள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அவன் அழகாகத்தான் இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தான். "நல்ல மனுஷங்க. பயப்படவே வேண்டாம். நம்ம வீட்டு ஆளுங்க மாதிரி பேசறாங்க" என்றான். அவனுக்கு யார்தான் நல்ல மனுஷர் இல்லை?

அவள் உள்ளே போனாள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் சிறுநீரக மருத்துவர். குட்டை முடியும் கூர்ந்த பார்வையுமாக ஒரு பெண்மணி. இன்னொருவர் நிர்வாகி. மேசை மேல் அவர் பேனா, அவர் கண்ணாடி, அவர் கைபேசி எல்லாம் அளவெடுத்து அடுக்கியதுபோல் இருந்தன.

மருத்துவர் வேலையைப் பற்றிக் கேட்டார். தண்ணீரில் குளோரின் கூடினால் எப்படித் தெரியும், என்ன செய்வாய்? நடுவில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் சரிந்தால் முதலில் கை எங்கே போகும்? அவள் சொன்னாள். தடுமாறவில்லை. பலவீனம் என்ன என்று நிர்வாகி கேட்டபோது அவளுக்குச் சிரிப்பே வந்தது. அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள். இடையில் வேலையில் இல்லாத காலத்தைப் பற்றிக் கேட்டார். "குழந்தை வளர்த்தேன் சார். திரும்பி வந்ததும் புது மெஷின்ல பயிற்சி எடுத்துக்கிட்டேன். இப்ப புதுசா வர்றவங்களுக்கு அங்க நான்தான் கத்துக் கொடுக்கறேன்." மருத்துவர் தலையசைத்தார்.

"அடுத்த குழந்தை ஏதாவது யோசனை?" என்றார் நிர்வாகி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற தோரணையில்.

வந்துவிட்டாயா, வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"அது என் சொந்த விஷயம் சார். வேலையைப் பத்தி எது வேணும்னாலும் கேளுங்க."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நிர்வாகி பார்த்தார். அவளும் பார்த்தாள். ஜன்னலோர மேலாளரின் முறைப்புக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம். நிர்வாகிதான் முதலில் பேனாவை எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் நிர்வாகி. "உங்க நிலைமை கொஞ்சம் விசேஷம். ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே இடத்துக்குப் போட்டி. இப்பத்தான் உங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போனாரு. அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டேன், இந்த வேலை நேரம் காலம் இல்லாத வேலையாச்சே, குழந்தையை யார் பாத்துப்பான்னு. 'அவ இருக்கா சார்'னாரு. அப்ப அவங்களுக்கு இந்த வேலை கிடைக்கலைன்னா வருத்தப்பட மாட்டாங்களான்னு கேட்டேன். 'அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா சார்'னாரு. இப்ப நான் என்ன முடிவு பண்றது, சொல்லுங்க?"

மருத்துவர் நிர்வாகியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பிரியம் இல்லை. ஆனால் கேள்வி விழுந்துவிட்டது.

அவள் தயார் செய்து வைத்த பதில்கள் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தன. ஒன்றும் உதவாது. அவை அந்நியர்கள் கேட்கிற கேள்விகளுக்கானவை. இது அவளுடைய வீட்டிலிருந்தே கிளம்பி வந்திருந்தது. அதுவும், காலர் சரிசெய்து அவளே அனுப்பி வைத்த ஆளிடமிருந்து. அழுகை வருமோ என்று ஒரு கணம் பயந்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபம் அவளுக்குப் பழக்கமானது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க அவளுக்குத் தெரியும்.

"நான் நெனச்சுக்குவேன் சார்" என்றாள்.

"அப்படின்னா?"

"இந்த வேலை எனக்குக் கிடைக்கலைன்னா நான் நெனச்சுக்குவேன். நிறையவே நெனச்சுக்குவேன். அவர் நல்லவர். எதிர்ல இருக்கறவங்க என்ன பதிலை எதிர்பாக்கறாங்கன்னு அவருக்குச் சட்டுனு தெரிஞ்சிடும், அதைச் சொல்லிடுவாரு. நீங்க எதிர்பாத்ததைச் சொல்லியிருக்காரு. அதை என் பதிலா எடுத்துக்காதீங்க. என்னை நீங்க இப்பத்தான் கேக்கறீங்க."

நிர்வாகி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, கேக்கறேன். குழந்தையை யார் பாத்துப்பா?"

"அவர் இருக்காரு சார்."

மருத்துவர் சிரித்துவிட்டார். கையால் வாயை மூடிக்கொண்டு, மூட முடியாமல், பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடித்தார். "வேற கேள்வி ஏதாவது இருக்கா?" என்று நிர்வாகியிடம் கேட்டார். அவரிடம் இல்லை. வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். முடிவு அன்றைக்கே தெரிந்துவிடுமாம்.

வெளியே சமாதானம் காகிதக் கோப்பையில் டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். "எப்படி? நல்லாப் போச்சா?"

நாலு பேர் எதிரில் அவள் அவனை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். இன்றைக்கு நாலு பேரும் இருந்தார்கள், பெஞ்சில் வரிசையாக.

"நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்னு சொன்னியா நீ?"

 என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. நினைவு வர வர முகம் சுருங்கியது. "அது… அவர் கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. அப்படிக் கேப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை. வாயில வந்துடுச்சு."

"வாயில வர்றதுக்கு முன்னாடி மனசுல இருந்திருக்கணுமே."

அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்தாள். பொய் சொல்லிச் சமாதானம் செய்யாமல் விட்டானே என்று ஒரு பக்கம் நிம்மதி. அப்படியானால் நிஜமாகவே நினைத்திருக்கிறான் என்று இன்னொரு பக்கம் எரிச்சல்.

"நான் உள்ள போய்ச் சொல்லிடறேன். அது தப்பு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு." அவன் எழுந்தே விட்டான்.

"உக்காரு."

"ஒரு நிமிஷம்தான்."

"உக்காருன்னா உக்காரு. நீ போய்ப் பேசி எனக்குக் கிடைச்சா அது நீ வாங்கிக் கொடுத்த வேலை. எனக்கு அது வேண்டாம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அவன் உட்கார்ந்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் சுவரில் தொங்கிய அறிவிப்புகளை மிகுந்த கவனத்தோடு படித்தார்கள்.

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. பள்ளிக்கூட அலுவலகம். மகள் வகுப்பில் வாந்தி எடுத்துவிட்டாள், உடம்பு லேசாகச் சுடுகிறது, பயப்படும்படி இல்லை, ஆனால் யாராவது உடனே வந்து அழைத்துப் போக வேண்டும். அவள் கேட்டுக்கொண்டு, சரி என்று வைத்தாள். விஷயத்தை அவனிடம் சொன்னாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். பழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் அவன் அவளைப் பார்ப்பான், அவள் பையை எடுப்பாள். வருஷக்கணக்காக இதுதான் ஏற்பாடு. இப்போதும் அவள் கை பையின் மேல்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். உள்ளே போய் அவர் இருக்காரு சார் என்று தைரியமாகச் சொல்லியாயிற்று. அது பதிலா, வெறும் வாய்ச் சவடாலா என்று இந்தப் பெஞ்சிலேயே தெரிந்துவிடும் போலிருந்தது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை, நான் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"நீ…" என்று ஆரம்பித்தான் சமாதானம். அங்கேயே நிறுத்தினான். மூடியிருந்த கதவைப் பார்த்தான். அது அவனுடைய கதவும்தான். அவனுக்கும் அந்த வேலை வேண்டும். அவளைப் பார்த்தான். அவள் முகம் கொடுக்கவில்லை.

அவன் எழுந்தான். டீக் கோப்பையை அவளிடம் கொடுத்தான். "நான் போறேன்" என்றான். மின்தூக்கிக்குக் காத்திராமல் படிக்கட்டுப் பக்கம் வேகமாக நடந்தான். அவன் காலடிச் சத்தம் கீழே கீழே போய்த் தேய்ந்தது. அவள் அந்த ஆறிப்போன டீயைக் குடித்தாள். சர்க்கரையே போடவில்லை, அவளுக்குப் பிடித்த மாதிரி.

கதவு திறந்தது. மருத்துவரே வெளியே வந்தார், பின்னால் நிர்வாகியும். காத்திருந்தவர்களுக்கு நன்றி சொன்னார். பிறகு அவளிடம் வந்து, "அடுத்த மாசம் முதல் தேதி வந்து சேர முடியுமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அலங்காரம் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கண் நிறைந்தது. அதைப் பற்றி அவள் வெட்கப்படவில்லை. "முடியும் மேடம்" என்றாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்க? அவருக்கும் ஒரு வார்த்தை நேர்ல சொல்லிடலாம்னு பாத்தேன்."

"குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டாங்க மேடம். பாத்துக்கப் போயிருக்காரு."

மருத்துவர் திரும்பி நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி தன் பளபளப்பான தரையைப் பார்த்தார்.

படி இறங்கித் தெருவுக்கு வந்தபோது கைபேசி மறுபடி அடித்தது. இந்தத் தடவை சமாதானம். பின்னால் வண்டிச் சத்தம், இரும்புக் கதவு கிறீச்சிடும் சத்தம்.

"வாசல்ல காவலாளி உள்ள விட மாட்டேங்கறாரு. எந்தப் பிரிவுன்னு கேக்கறாரு. அ பிரிவா, ஆ பிரிவா?"

"ஆ பிரிவு. காய்ச்சல் மருந்து ஒண்ணு அவளுக்கு ஒத்துக்காது, பள்ளிக்கூட நர்ஸ் கேட்டா அதைச் சொல்லு. பேரு அனுப்பறேன்."

"சரி. அப்புறம்…" அவன் குரல் தாழ்ந்தது. "நீங்க அப்பாதானா, நிச்சயமாவான்னு வேற கேக்கறாரு. வழக்கமா அம்மாதானே வருவாங்க, இன்னைக்கு அம்மா ஏன் வரலைன்னு கேக்கறாரு. நான் என்ன சொல்றது?"

அவன் மேல் இருந்த கோபம் எங்கும் போய்விடவில்லை. வீட்டுக்குப் போய், மகள் தூங்கியதும், உட்கார்ந்து பேச வேண்டியது நிறைய இருந்தது. அதையெல்லாம் சும்மா விடுகிறவள் இல்லை அவள். ஆனாலும் தெரு நடுவில் நின்றபடி அவள் சிரித்துவிட்டாள்.

"அவ அம்மாவுக்கு வேலை கிடைச்சிருக்கு, அதான் வரலைன்னு சொல்லு."

அந்தப் பக்கம் வண்டிகள் போவது மட்டும் கேட்டது. அவனுக்கும் அது ஓர் இடம். அது போய்விட்டது என்று அவனுக்குப் புரிய ஆகிற நேரம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

பிறகு அவன் கைபேசியை வாயிலிருந்து விலக்கிவிட்டுக் காவலாளியிடம் பேசுவது தூரத்துக் குரலாகக் கேட்டது.

"அவங்க அம்மா வேலைக்குப் போறாங்க சார். இனிமே நான்தான் வருவேன். கதவைத் திறங்க."